14 வெற்றி பெற்ற அணி ஏன் வெளியூர் போக வேண்டும்?

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். தொடரில், டிவிஷனில் முதலிடம் பிடித்த அணி எத்தனை ஆட்டங்களில் தோற்றிருந்தாலும் பிளேஆஃபின் முதல் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடலாம். அதைவிட நான்கு ஆட்டங்கள் கூடுதலாக வென்ற அணி, தன் டிவிஷனில் இரண்டாவதாக வந்த ஒரே காரணத்தால், மூட்டை கட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போக வேண்டும். இந்த விதி மாற வேண்டும். டிவிஷனை வென்ற அணிக்குப் பிளேஆஃபில் நிச்சயமாக ஓர் இடம் இருக்கட்டும்; அதை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் ஆட்டம் யாருடைய மைதானத்தில் நடக்கிறது என்பதைச் சீசன் முழுக்கச் சேர்த்த வெற்றிக் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும்.

அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். மொத்தம் 32 அணிகள், ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என இரண்டு கான்ஃபரன்ஸ்கள். ஒவ்வொன்றிலும் நான்கு டிவிஷன்கள், ஒரு டிவிஷனுக்கு நான்கு அணிகள். 2002 முதல் இதுதான் கட்டமைப்பு. 2021 முதல் ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. கான்ஃபரன்ஸுக்கு ஏழு அணிகள் பிளேஆஃபுக்குள் நுழையும். டிவிஷனை வென்ற நால்வருக்கு ஒன்று முதல் நான்கு வரையிலான இடங்கள்; மற்றவர்களில் சிறந்த மூவர் வைல்டு கார்டு அணிகளாக ஐந்து முதல் ஏழு வரை. முதலிடத்துக்கு முதல் சுற்றில் ஓய்வு. இரண்டாம் இடம் ஏழாவதையும், மூன்று ஆறையும், நான்கு ஐந்தையும் தத்தம் ஊரில் சந்திக்கும். சிக்கல் அந்தக் கடைசி ஜோடியில்தான் அடிக்கடி வெடிக்கிறது. டிவிஷனை வென்றவர்களில் மிகப் பலவீனமானவர் நான்காவது. டிவிஷனை வெல்லாதவர்களில் மிக வலுவானவர் ஐந்தாவது. வலுவானவர் பயணம் செய்ய, பலவீனமானவர் வீட்டிலேயே இருக்கிறார்.

2024 சீசனில் இது உச்சத்துக்குப் போனது. என்.எஃப்.சி. நார்த் டிவிஷனில் டெட்ராய்ட் லயன்ஸ், மினசோட்டா வைகிங்ஸ் இரண்டும் 14 வெற்றி, 2 தோல்வியுடன் கடைசி வாரத்துக்கு வந்தன. 2025 ஜனவரி 5 அன்று டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டில் நேருக்கு நேர் ஆட்டம். வெல்பவருக்கு முதலிடமும் ஓய்வும். தோற்பவருக்கு ஐந்தாம் இடம். இடையில் எதுவும் கிடையாது. லயன்ஸின் ஜாமீர் கிப்ஸ் நான்கு டச் டவுன் அடித்தார், ஆட்டம் 31-9 என முடிந்தது. 14-3 என்ற கணக்குடன் வைகிங்ஸ் வைல்டு கார்டு அணியானது. 14 ஆட்டங்கள் வென்ற ஓர் அணி அந்த நிலைக்குத் தள்ளப்பட்டது அதுவே முதல் முறை. எதிரே நின்றது 10-7 கணக்கில் என்.எஃப்.சி. வெஸ்ட்டை வென்ற லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸ். அந்த டிவிஷனில் சியாட்டில் சீஹாக்ஸும் அதே 10-7தான். இரு அணிகளும் ஒன்றையொன்று ஒரு முறை வென்றிருந்தன. டிவிஷனுக்குள்ளும் இரண்டும் 4-2. வீழ்த்திய எதிராளிகளின் பலத்தை ஒப்பிடும் டை-பிரேக்கர் வரை போய்த்தான் ராம்ஸ் முந்தியது. அதுவும் கடைசி வாரத்துக்கு முன்பே முடிவாகிவிட்டதால், தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டு உள்ளிட்ட முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிட்டு, அவருக்குப் பதில் ஜிம்மி கரோப்போலோவை இறக்கிச் சீஹாக்ஸிடம் 30-25 எனத் தோற்றார்கள். ஒரே கணக்கு வைத்திருந்த இரண்டு அணிகளில் ஒன்று வீட்டுக்குப் போனது. இன்னொன்றின் ஊருக்கு 14-3 அணி வர வேண்டியிருந்தது. ஒரு டை-பிரேக்கருக்கு இவ்வளவு எடை போடலாமா?

அந்த ஆட்டத்தின் முடிவை என் வாதத்துக்குச் சாட்சியாகக் கூப்பிட மாட்டேன். லாஸ் ஏஞ்சலீஸ் காட்டுத்தீயால் ஆட்டம் அரிசோனாவின் கிளெண்டேலுக்கு மாற்றப்பட்டது. ஜனவரி 13 அன்று ராம்ஸ் 27-9 என வென்றது. வைகிங்ஸின் குவார்ட்டர்பேக் சாம் டார்னால்டை ஒன்பது முறை பந்தோடு சாய்த்தார்கள். மைதானம் எங்கே இருந்திருந்தாலும் அந்தத் தடுப்பாட்டத்துக்கு முன் வைகிங்ஸ் நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான். அக்டோபரிலும் ராம்ஸ் அவர்களை 30-20 என வீழ்த்தியிருந்தது. ஆகவே 'தோற்றவர்கள் தோற்கத்தான் செய்தார்கள், இதில் விதிக்கு என்ன வேலை?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு விதி நியாயமா என்பதை ஆட்டம் முடிந்த பிறகு ஸ்கோரைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொடங்குவதற்கு முன் யாருக்கு எந்த வசதி, எந்த அடிப்படையில் தரப்பட்டது என்பதை வைத்தே சொல்ல வேண்டும். 17 ஆட்டங்களில் 14 வென்றவர்களுக்குத் தங்கள் சொந்த ஊரில் ஆடும் உரிமையை இந்த விதி மறுத்தது. அதற்குப் பிறகு நடந்தது தனிக் கதை.

அந்த வசதி அவ்வளவு பெரிதா? இந்த விளையாட்டில் பெரிதுதான், காரணம் சத்தம். ஒவ்வொரு முறையும் பந்து நகர்வதற்கு முன் தாக்கும் அணியின் 11 பேரும் அசையாமல் நிற்க வேண்டும். குவார்ட்டர்பேக் குரல் கொடுக்கும் ஒரு குறிப்பிட்ட ஒலியில் சென்டர் பந்தைப் பின்னால் தள்ளுவார்; அதே கணத்தில் மற்றவர்கள் பாய்வார்கள். எப்போது பாய வேண்டும் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். தடுப்பவர்களைவிட அரை நொடி முந்துவதற்கு அதுதான் வழி. பயிற்சியாளர் ஹெல்மெட் வானொலி வழியே சொல்வதும் ஒவ்வொரு நகர்வுக்குமான கடிகாரத்தில் (பிளே கிளாக்) 15 நொடி மிச்சமிருக்கும்போது துண்டிக்கப்படும். அதன்பிறகு எல்லாமே குவார்ட்டர்பேக்கின் தொண்டையை நம்பித்தான். வெளியூரில் கூட்டம் கத்தும்போது அந்தக் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே எட்டாது. அப்போது கார்டு நிலையில் இருப்பவர் திரும்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்த்து, சென்டரைத் தட்டிச் சைகை கொடுக்க, அதன்பிறகே பந்து நகரும். விளிம்பில் நிற்கும் டேக்கிள், எதிராளியைப் பார்ப்பதா, பந்தைப் பார்ப்பதா என்று தடுமாறுவார். அரை நொடி முன்னே அசைந்தால் ஐந்து கஜம் அபராதம். அரை நொடி பின்னே அசைந்தால் குவார்ட்டர்பேக் தரையில். 2005 நவம்பரில் சியாட்டிலுக்குப் போன நியூயார்க் ஜயண்ட்ஸ் ஒரே ஆட்டத்தில் 11 முறை இப்படி முன்கூட்டியே அசைந்து அபராதம் வாங்கியது. கூடுதல் நேரம் வரை இழுத்த அந்த ஆட்டத்தில் 24-21 எனத் தோற்றது. ஜயண்ட்ஸ் பலவீனமான அணி அல்ல. அந்த வருடம் தன் டிவிஷனையே வென்ற அணி. 2014-இல் கான்சஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில் பதிவான கூச்சல் 142.2 டெசிபல். சொந்த மைதானத்தின் மதிப்பு இதில்தான் இருக்கிறது; அதே ஊரில் தாக்கும் உள்ளூர் அணிக்கு மட்டும் கூட்டம் அமைதி காக்கும்.

கூட்டமில்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். கொரோனா காலத்து 2020 சீசனில் பெரும்பாலான மைதானங்கள் காலியாகவோ, சிலரோடோ இருந்தன. அந்த வருடம் சொந்த ஊரில் ஆடிய அணிகளின் மொத்தக் கணக்கு 127 வெற்றி, 128 தோல்வி, ஒரு சமன். அனுகூலம் என்று ஒன்று இருந்த தடமே இல்லை. ஒரு சீசனை மட்டும் வைத்து எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாதுதான். அண்மை ஆண்டுகளில் உள்ளூர் அனுகூலம் முன்பைவிடத் தேய்ந்து வருகிறது என்பதும் உண்மை. ஆனாலும் ஜனவரி மாதப் பிளேஆஃப் ஆட்டத்தில் எந்தப் பயிற்சியாளராவது வெளியூரை விரும்பிக் கேட்பாரா?

இந்த விதியை ஆதரிப்பவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. 2010 சீசனில் சீஹாக்ஸ் ஏழு ஆட்டங்களை வென்று ஒன்பதில் தோற்றும் டிவிஷனை வென்றது. அதே வருடம் 10-6 கணக்கில் இருந்த ஜயண்ட்ஸும் டாம்பா பே பக்கனீர்ஸும் பிளேஆஃபுக்கே வரவில்லை. சியாட்டிலுக்கு வந்தது 11-5 கணக்கில் இருந்த நடப்புச் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். 2011 ஜனவரி 8 அன்று சீஹாக்ஸின் மார்ஷான் லிஞ்ச் தடுத்தவர்களை ஒவ்வொருவராக உதறிவிட்டு 67 கஜம் ஓடினார். கூட்டம் குதித்த குதியில் அருகிலிருந்த நிலநடுக்கமானியே அதிர்வைப் பதிவு செய்தது. சீஹாக்ஸ் 41-36 என வென்றது. 'பார்த்தீர்களா, டிவிஷன் சாம்பியனுக்குத் தகுதி இருந்தது' என்பார்கள். அழகான ஆட்டம், மறுப்பில்லை. ஆனால் இதே இரண்டு அணிகள் அதே சீசனின் நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் மோதின. அங்கே செயின்ட்ஸ் 34-19 என வென்றது. ஊர் மாறியது, முடிவும் மாறியது. சியாட்டில் கூட்டத்தின் சத்தத்தை இந்த ஆட்டத்தின் நாயகனாகக் கொண்டாடிவிட்டு, மைதானம் எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்று அதே மூச்சில் சொல்ல முடியாது. அடுத்து 2014-ஐக் காட்டுவார்கள். 7-8-1 கணக்கில் இருந்த கரோலினா பாந்தர்ஸ், 11-5 அரிசோனா கார்டினல்ஸைச் சொந்த ஊரில் 27-16 என வென்றது. அந்த நாளில் கார்டினல்ஸின் முதல் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் காயத்தில் இருந்தார்கள். மூன்றாமவரை வைத்துக்கொண்டு மொத்தமே 78 கஜம்தான் முன்னேற முடிந்தது. அதிலிருந்து எந்தப் பக்கத்துக்கும் பாடம் எடுக்க முடியாது.

'நல்ல அணி எங்கே போனாலும் வெல்லும்' என்பது இன்னொரு மறுப்பு. 1980-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் தொடங்கி 2020-இல் பக்கனீர்ஸ் வரை ஏழு வைல்டு கார்டு அணிகள் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றிருக்கின்றன. ஆனால் அவற்றில் 1980 ரெய்டர்ஸ், 1997 டென்வர், 2000 பால்டிமோர் மூன்றும் தங்கள் முதல் பிளேஆஃப் ஆட்டத்தைச் சொந்த ஊரில்தான் ஆடின. அந்தக் காலத்து அமைப்பு அதற்கு இடம் கொடுத்தது. பக்கனீர்ஸோ, கூட்டம் இல்லாத 2020-இல் வெளியூர் வெளியூராகப் போய் வென்றது. எஞ்சியவை 2005 பிட்ஸ்பர்க், 2007 ஜயண்ட்ஸ், 2010 கிரீன் பே. நாற்பது ஆண்டுகளில் மூன்று அணிகள் சுமையோடு ஓடி ஜெயித்தன என்பதற்காகச் சுமையே இல்லை என்றாகிவிடாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு அட்டவணை பற்றியது. இதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. 32 அணிகள், ஆளுக்கு 17 ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதில்லை. டிவிஷனுக்குள் ஆறு ஆட்டங்கள், அதே கான்ஃபரன்ஸின் இன்னொரு டிவிஷனோடு நான்கு, எதிர் கான்ஃபரன்ஸின் ஒரு டிவிஷனோடு நான்கு. மிச்சம் மூன்று ஆட்டங்கள் முந்தைய வருடம் அதே இடத்தில் முடித்த அணிகளோடு. அதாவது ஒரே டிவிஷனில் உள்ள நால்வருக்கும் 17-இல் 14 ஆட்டங்களுக்கான அட்டவணை ஏறக்குறைய ஒன்றே. வெளி டிவிஷன் அணியோடு ஒப்பிட்டால் அந்தப் பொருத்தம் குறைந்துவிடுகிறது. எனவே டிவிஷனுக்குள் வரும் முதலிடம் நம்பத்தகுந்தது, டிவிஷன் தாண்டி வெற்றிகளை எண்ணுவது ஏமாற்றும் என்கிறார்கள். இதன் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். 2008-இல் 11-5 வைத்திருந்த நியூ இங்கிலாந்து வெளியே நிற்க, 8-8 சான் டியாகோ சார்ஜர்ஸ் உள்ளே வந்ததைக் காட்டி டிவிஷன் இடத்தையே ஒழிக்கச் சொல்பவர்களோடு நான் சேராததற்கு இதுதான் காரணம். ஒரே பாடத்திட்டத்தில் தேர்வெழுதிய நால்வரில் முதல்வருக்கு ஓர் இடம் கொடுப்பது நியாயம். இரண்டாம் பாதிதான் தடம் மாறுகிறது. டிவிஷன் பட்டம் நான்கு பேரை ஒப்பிட்டுத் தரப்பட்டது. ஐந்தாவதாக ஒருவர், வேறொரு டிவிஷனிலிருந்து வந்து எதிரே நிற்கும்போது அவரைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. வெற்றிக் கணக்கு குறைபாடுள்ள அளவுகோல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இருவரையும் சேர்த்து அளக்க இருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

அதோடு, அட்டவணையின் ஏற்றத்தாழ்வு யாரைப் பாதிக்கிறது என்றும் பாருங்கள். 2024-இல் வைகிங்ஸ் தன் டிவிஷனில் நான்கு ஆட்டங்களை 15-2 லயன்ஸோடும் 11-6 கிரீன் பே பேக்கர்ஸோடும் ஆடியது. ராம்ஸின் டிவிஷனில் 10 வெற்றிக்கு மேல் யாருமே இல்லை. அந்த ஆண்டு இரண்டு டிவிஷன்களும் ஒன்றோடொன்று மோதும் முறை. ராம்ஸின் டிவிஷனோடு வைகிங்ஸ் ஆடிய நான்கில் மூன்று வெற்றி; வைகிங்ஸின் டிவிஷனோடு ராம்ஸ் ஆடிய நான்கில் ஒரே வெற்றி, அதுவும் வைகிங்ஸுக்கு எதிராகக் கிடைத்தது. கடினமான டிவிஷனில் இருந்தவர் கூடுதலாக வென்றார். அப்படியிருந்தும், டிவிஷன் கடினமாக இருந்ததாலேயே அவர் இரண்டாவதாக முடித்து வெளியூர் போனார். அட்டவணை சமமில்லை என்ற கவலை உண்மையானால், அது இன்றைய விதிக்கு எதிராகவே நிற்கிறது.

டிவிஷன் போட்டியின் சூடு தணிந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. லயன்ஸ்–வைகிங்ஸ் கடைசி வார ஆட்டத்தை அமெரிக்காவே உட்கார்ந்து பார்த்தது இந்த விதியால்தானே என்று கேட்கிறார்கள். ஓரளவுதான். 2020-இல் பிளேஆஃப் 14 அணிகளாக விரிந்த பிறகு கான்ஃபரன்ஸுக்கு ஒரே ஓர் ஓய்வு. அதற்கான ஆட்டம் அது. விதி மாறியிருந்தாலும் வென்றவருக்கு ஓய்வும், சூப்பர் பவுல் வரை சொந்த மைதானமும் அப்படியே இருந்திருக்கும். தோற்றவர் ஐந்தாமிடத்துக்குப் பதில் மேலே, தன் ஊரில் ஓர் ஆட்டத்தோடு இருந்திருப்பார். அந்த வித்தியாசத்துக்காக யாரும் தொலைக்காட்சியை அணைத்திருக்கப் போவதில்லை. மறுபுறம், பலவீனமான டிவிஷனில் பட்டத்தைச் சீக்கிரம் உறுதி செய்த அணிக்கு இன்று கடைசி வாரங்களில் இழக்க ஒன்றுமில்லை. சொந்த மைதானம் வெற்றிக் கணக்கில் தொங்கினால், அவர்களில் பலருக்கு அந்த வாரங்களிலும் ஆட வேண்டிய கட்டாயம் வரும்.

மைதானம் யாருக்கு என்ற விதி காலங்காலமாக மாறாதது என்று நினைத்தால் அதுவும் தவறு. 1974 சீசன் வரை பிளேஆஃப் மைதானம் டிவிஷன்களுக்குள் சுழற்சி முறையில் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. 1972-இல் 14 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத மயாமி டால்ஃபின்ஸ், கான்ஃபரன்ஸ் இறுதிக்காக 11-3 பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஊருக்குப் போனது. 21-17 என வென்று, தோல்வியே இல்லாமல் சாம்பியனானது. அந்தச் சாதனை இன்றும் தனியே நிற்கிறது. டால்ஃபின்ஸ் வென்றதால் சுழற்சி முறை சரி என்று யாரும் விட்டுவிடவில்லை, 1975-இல் மாற்றினார்கள். சொந்த மைதானத்தை வெற்றியால் சம்பாதிக்க வேண்டும் என்ற கொள்கை அப்போதே வந்துவிட்டது. டிவிஷன் சாம்பியன்களுக்குள் மட்டும் அது செல்லுபடியாகும் என்று பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள். என்.பி.ஏ. கூடைப்பந்தில் மீதி வழியும் நடந்தாயிற்று. 2015-இல் 51 வெற்றி பெற்ற போர்ட்லாந்து டிவிஷனை வென்றதால் நான்காம் இடத்தில் வைக்கப்பட்டது. 55 வெற்றி பெற்ற மெம்பிஸ் ஐந்தாமிடம். ஆனால் கூடுதல் வெற்றி மெம்பிஸிடம் இருந்ததால் தொடர் மெம்பிஸில்தான் தொடங்கியது. அந்த ஆண்டே, வரிசையையும் வெற்றிக் கணக்கை வைத்தே முடிவு செய்வதென்று என்.பி.ஏ. தீர்மானித்தது.

எனக்கே உறுத்தும் மறுப்பு ரசிகர்களைப் பற்றியது. பல வருட வறட்சிக்குப் பிறகு டிவிஷனை வெல்லும் ஓர் ஊருக்கு, பட்டத்தோடு வரும் பரிசே ஜனவரியில் உள்ளூரில் ஓர் ஆட்டம்தான். அதை எடுத்துவிட்டால் சின்னக் கொடியும் ஒரு பனியனும்தான் மிச்சம் என்பார்கள். இந்த இழப்பு உண்மையானது. ஆனால் மைதானம் ஒன்றுதான். ஓர் ஊருக்குக் கிடைத்தால் இன்னோர் ஊருக்கு இல்லை. யாராவது ஒரு கூட்டம் ஏமாறத்தான் வேண்டும் என்றால், அதிகம் வென்ற அணியின் கூட்டம் ஏமாறக் கூடாது. கணக்கு சமமாக இருந்தால் டிவிஷன் சாம்பியனுக்கே மைதானத்தைக் கொடுக்கட்டும். பட்டத்துக்கான மரியாதை அங்கே இருக்கிறது.

2025 மார்ச்சில் இந்த மாற்றத்தை எழுத்துபூர்வமாக முன்வைத்தது வைகிங்ஸ் அல்ல, லயன்ஸ். 15-2 கணக்கோடு முதலிடத்தில் இருந்த அணிக்கு அந்த வருட விதியால் எந்த நஷ்டமும் இல்லை. ஒரு விதியை மாற்ற 32 உரிமையாளர்களில் 24 பேர் சம்மதிக்க வேண்டும். ஒன்பது பேர் மறுத்தால் போதும். நாளைக்குத் தன் அணியும் பலவீனமான டிவிஷனை எட்டோ ஒன்பதோ வெற்றியில் பிடிக்கலாம் என்று கணக்குப் போடும் ஒன்பது பேரைத் தேடுவது கடினமல்ல. மே மாதக் கூட்டத்தில் லயன்ஸ் அந்த முன்மொழிவை வாக்கெடுப்புக்கு முன்பே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே கூட்டத்தில், குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து தள்ளிவிடும் 'டுஷ் புஷ்' உத்தியைத் தடை செய்யக் கோரிய பேக்கர்ஸின் முன்மொழிவு வாக்கெடுப்புக்குப் போய் 22-10 எனத் தோற்றது. எந்தப் பத்து அணிகள் எதிர்த்தன என்பது அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த முறை மைதான விதியும் அந்த மேசை வரை போக வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, 14 வெற்றி பெற்ற அணியை வெளியூர் அனுப்புவதுதான் சரி என்று கை தூக்குபவர்கள் யார் யார் என்று ரசிகர்களுக்குத் தெரியட்டும்.